மறைவிலுள்ள சாட்சிகள்: பழைய மின்கித்தாரை நிதானித்தறிதல்



வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலுள்ள நம் கிராமங்களில் பிரான்சோடு உறவுள்ள குடும்பங்கள் பல இருக்கின்றன. பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஊர் திரும்பிய சொல்தாக்களின் வீடுகளும், பாரிசிலும் ரெயூனியன் தீவிலும் பிள்ளைகள் குடியேறியிருக்கும் வீடுகளும் நாம் அறிந்தவையே. அவ்வீடுகளின் பரண்களில் சுவர்க்கடிகாரமும் தையல் இயந்திரமும் அக்கார்டியனும் தூசி படிந்து கிடப்பதுண்டு. அரிதாக ஒரு மின்கித்தாரும் கிடக்கும். பழைய மின்கித்தார்களுக்கு உலகச் சந்தையில் பெருவிலை உண்டு என்ற செய்தி கைப்பேசி வழியாக இப்போது எல்லாருக்கும் எட்டிவிட்டது. ஆகவே பரணிலிருந்து அதை இறக்கித் துடைத்து, "இது என்ன பெறும்?" என்று கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். உண்மையான பொருளை அறியாமல் அற்பவிலைக்குக் கொடுத்துவிடுவோரும் உண்டு; போலியை நம்பிக் கடன்பட்டு வாங்குவோரும் உண்டு. இவ்விரு இழப்பிலிருந்தும் நம்மைக் காப்பது வரலாற்றறிவே. எனவே இவ்வாரம் அவ்வரலாற்றைச் சற்று விரிவாகவே சிந்திப்போம்.

மின்கித்தார் வந்த வழி

மின்கித்தாரின் வயது இன்னும் நூறாண்டை எட்டவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் 1931இல் வடிவமைத்து, 1932இல் விற்பனைக்கு வந்த கருவியே வணிக வெற்றி கண்ட முதல் மின்கித்தார் எனக் கொள்ளப்படுகிறது. வட்ட உடலும் நீண்ட கழுத்தும் உடைய அதற்கு மக்கள் 'வாணலி' என்று பட்டப்பெயர் இட்டனர். மடியில் கிடத்தி உலோகக் கம்பியால் வழுக்கி வாசிக்கும் ஹவாய் கித்தார் அது. அந்த ஹவாய் இசைதான் நம் நாட்டிலும் முதலில் பரவியது. ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தும் கற்பித்தும் வந்தார். லக்னோவைச் சேர்ந்த வான் ஷிப்லி என்னும் கிறிஸ்தவ இசைஞர் இந்தித் திரையிசைக்கு மின்கித்தாரின் ஒலியைக் கொண்டுவந்தார்.

உள்ளீடற்ற பெட்டிக்குப் பதிலாகத் திண்ணிய மரப்பலகையாலேயே உடல் அமைந்த கித்தாரை, கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரத்து லியோ பெண்டர் 1950இல் தொழிற்சாலை முறையில் செய்யத் தொடங்கினார். கலமசூ நகரத்து கிப்சன் நிறுவனம் 1952இல் 'லெஸ் பால்' என்னும் மாதிரியை வெளியிட்டது. பெண்டரின் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' 1954இல் வந்தது. அதே 1954 நவம்பர் 1 அன்றுதான் புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு மாறியது. நம் தாத்தாமார் நன்கு நினைவில் வைத்திருந்த ஆண்டு அது. 'பழமையான' கருவி என்று சந்தை போற்றுவது அத்துணை அண்மைக் காலத்துப் பொருளையே என்பதை இதனால் உணரலாம்.

அது எவ்வாறு அரும்பொருளாயிற்று? 1965 சனவரியில் பெண்டர் நிறுவனம் சிபிஎஸ் என்னும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதன்பின் தரம் குன்றியதாக இசைஞர்கள் கருதி, அதற்கு முந்தைய கருவிகளைத் தேடத் தொடங்கினர். கிப்சனோ, 1958 முதல் 1960 வரை சிவப்பும் மஞ்சளும் கலந்து கதிரவன் ஒளிபோல் பூசிய லெஸ் பால் கித்தார்களை, விற்பனை மந்தமானதால் நிறுத்திவிட்டது. சில ஆண்டுகளுக்குள் எரிக் கிளாப்டன் போன்ற இளைஞர்கள் அதே கருவியில் வாசித்த ஒலி உலகைக் கவர்ந்தது. கிப்சன் 1968இல் லெஸ் பாலை மீண்டும் செய்ய நேர்ந்தது. வேண்டுவோர் பெருகினர், பழைய கருவியின் எண்ணிக்கையோ பெருக வழியில்லை. விலை ஏறிற்று. விலை ஏறிய இடத்தில் போலியும் முளைத்தது.

பெயரும் எண்ணும்

ஒருவன் சாட்சி மட்டும் போதாது, இரண்டு மூன்று பேர் வாக்கினால் காரியம் நிலைப்பட வேண்டும் என்று உபாகமம் 19ஆம் அதிகாரம் விதிப்பதை நாம் அறிவோம். பழங்கருவியை ஆராய்வோரும் இம்முறையிலேயே நடக்கிறார்கள். முதலில் வந்து நிற்கும் சாட்சி, கித்தாரின் தலைப்பகுதியில் எழுதியுள்ள பெயர். சாட்சிகளுள் இதுவே வலுவற்றது. பெண்டர் கித்தார்களில் அப்பெயர் நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய ஒட்டுப்படம். அதைப்போன்ற ஒன்றை எவரும் அச்சிட்டு ஒட்டிவிடலாம். எழுத்துக்களையும் கூர்ந்து படிக்கவேண்டும். கொல்கத்தாவின் 'கிவ்சன்' என்பது பல்லாண்டுகளாக நம் இளைஞர்கள் வாங்கிப் பழகிய இந்தியப் பெயர். அமெரிக்காவின் 'கிப்சன்' வேறு. ஓர் எழுத்தே வேறுபாடு.

அடுத்தது வரிசை எண். இதுவும் நாம் நினைக்குமளவு உறுதியானதன்று. பெண்டர் தொழிற்சாலையில் எண் பொறித்த தகடுகள் பெட்டியில் குவிந்திருக்க, கைக்கு வந்ததை எடுத்து முடுக்கினர். எண் வரிசையும் கால வரிசையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கிப்சன் 1960களில் ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் இட்டிருக்கிறது. ஆங்கிலேய இசைஞர் டேவிட் கில்மோரிடம் 0001 என்ற எண்ணுள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று இருந்தது. முதல் எண் தாங்கிய அக்கருவி, செய்யப்பட்ட முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அன்று. எண்ணை மட்டும் கேட்டு விலை பேசுகிறவர் ஒற்றைச் சாட்சியை நம்பித் தீர்ப்பெழுதுகிறார்.

மறைவில் எழுதப்பட்ட தேதிகள்

வலுவான சாட்சிகள் உள்ளே இருக்கின்றன. பெண்டர் கித்தாரின் கழுத்து, நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைக்கப்பட்டது. அதைக் கழற்றினால் அடிப்பகுதியில் பென்சிலால் எழுதிய தேதியோ முத்திரையிட்ட தேதியோ காணப்படுவதுண்டு. சில கழுத்துகளில் 'டி.ஜி.' என்ற எழுத்துகள் இருக்கும். அவை டாடியோ கோமெஸ் என்ற தொழிலாளியின் முதலெழுத்துகள். 1950களில் தயாரான சில கருவிகளின் உட்குழியில், மேரி, குளோரியா என்று ஒரு பெண்ணின் பெயரும் தேதியும் எழுதிய சிறு காகித நாடா ஒட்டியிருக்கும். மின்கம்பிகளை இணைத்த பெண் தொழிலாளர் தம் வேலைக்கு இட்ட அடையாளம் அது. வாங்கியவர் எவரும் அதைக் காணப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று பெருவிலை பெறும் கருவிக்குச் சான்று கூறுவது அந்த நாடாவே.

மூன்றாவதாக, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் கண்ட்ரோலின் முதுகைப் பார்க்கவேண்டும். அதன் உலோக உறையில் ஓர் எண் பொறித்திருக்கும். எடுத்துக்காட்டாக 1376632 என்று இருந்தால், 137 என்பது சிடிஎஸ் என்னும் உற்பத்தியாளரைக் குறிக்கும். 66 என்பது 1966ஆம் ஆண்டு. 32 என்பது அவ்வாண்டின் 32ஆம் வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டேக்போல் நிறுவனத்தார் செய்தது. இவ்வெண் கித்தார் செய்யப்பட்ட நாளைச் சொல்வதில்லை; 'இந்த நாளுக்கு முன் இக்கருவி முழுமை பெற்றிருக்க முடியாது' என்று மட்டுமே சொல்லும். பெண்டர் 1966இல் மொத்தமாக வாங்கிய கண்ட்ரோல்களை அடுத்த சில ஆண்டுகள் வரை பயன்படுத்தி வந்தது. ஆகவே 1966 என்ற எண் 1968ஆம் ஆண்டுக் கித்தாரில் இருத்தல் இயல்பே. 1962ஆம் ஆண்டுக் கித்தார் என்று விற்கப்படுவதில் இருந்தாலோ, கண்ட்ரோல் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கவேண்டும். இல்லையேல் விற்பவர் சொல்லும் ஆண்டு பொய்.

இம்முறை நம் மண்ணுக்குப் புதிதன்று. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தியபோது, இத்தாலியில் செய்யப்பட்ட அரெட்டைன் என்னும் சிவப்புப் பானையோடுகள் கிடைத்தன. அவற்றின் அடியில் குயவரின் பெயர்முத்திரை இருந்தது. அப்பாண்டங்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தமையால், அவை கிடந்த மண்ணடுக்குக்கும், அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. ஓட்டின் அடியிலுள்ள முத்திரை அடுக்கின் காலத்தைச் சொன்னதுபோல், கண்ட்ரோலின் முதுகிலுள்ள எண் கித்தாரின் காலத்தைச் சொல்கிறது.

பூச்சும் மரமும்

நான்காம் சாட்சி மேற்பூச்சு. அக்காலத்தில் கிப்சனும் பெண்டரும் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் மெல்லிய வார்னிஷைப் பூசினர். அது ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளிக்கும். தட்பவெப்பம் மாறும்போது மயிரிழைபோல் வெடிக்கும். புறஊதா விளக்கின்கீழ் பழைய பூச்சு பசுமை கலந்த மஞ்சளாக ஒளிரும். பிற்காலத்தில் திருத்திப் பூசிய இடம் வேறு நிறமாகத் தனித்துத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத ஒட்டும் தையலும் அவ்விளக்கில் வெளிப்பட்டுவிடும். 1960களின் இறுதியில் பெண்டர் தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. அதில் அந்த மயிரிழை வெடிப்பு தோன்றுவதில்லை.

ஐந்தாம் சாட்சியாகிய மரத்தில் நம் மலைகளுக்கும் பங்குண்டு. விரல் வைத்து அழுத்தும் பலகை பழைய கருவிகளில் பெரும்பாலும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட். 1960களின் நடுப்பகுதிக்குப்பின் அம்மரம் அரிதானமையால், பல நிறுவனங்கள் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறின. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் தோதகத்தி மரம்தான் அது. ஈட்டி மரம் என்றும் சொல்வோம். நீலகிரியிலும் ஆனைமலையிலும் விளையும் அம்மரத்தைக் காக்கத் தமிழ்நாடு அரசு 1994இல் தனிச்சட்டமே இயற்றியது. பிரேசில் மரமோ 1992 முதல் பன்னாட்டு வணிகத்தில் மிகக் கடுமையான தடைப்பட்டியலில் உள்ளது. ஆகவே அம்மரம் இருப்பது காலத்துக்குச் சான்று மட்டுமன்று. உரிய ஆவணமின்றி அக்கருவியை நாடு கடத்தி விற்பது குற்றமுமாகும். வெளிநாட்டு விலையைக் கேட்டு மயங்குவோர் இதையும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

சாட்சிகள் முரண்படும்போது

இச்சாட்சிகள் ஒத்துப்போனால் கருவி மெய்யானது என்று துணியலாம். முரண்பட்டால் உடனே போலி என்று தள்ளிவிடவும் கூடாது. பழுதுபார்த்த கருவியும் உண்டு. இரண்டு மூன்று கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்து அமைத்ததும் உண்டு. கழுத்து 1959, உடல் 1963, பிக்கப் நேற்றுச் செய்தது என்று இருக்கலாம். அவ்வாறு வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அது நேர்மையான வணிகம். மூலப்பூச்சை நீக்கிப் புதுப்பூச்சு இட்ட கருவிக்கு ஏறத்தாழப் பாதி விலையே கிடைக்கும் என்பது அத்துறையினரின் பொதுக்கணக்கு. பளபளப்பாக்கினால் விலை கூடும் என்று நம்மவர் நினைக்கிறார்கள். பழங்கருவியில் நிகழ்வது நேர்மாறு.

தேய்மானத்தைக் கண்டும் ஏமாறக்கூடாது. பெண்டர் நிறுவனமே 1995 முதல் 'ரெலிக்' என்ற பெயரில், தேய்ந்தும் கீறியும் தோன்றும்படி புதுக் கித்தார்களைச் செய்து வெளிப்படையாக விற்று வருகிறது. நேர்மையாளர் செய்யக்கூடியதை வஞ்சகரும் செய்யலாம். கை பட்டுத் தேய்ந்த இடமும் கருவி கொண்டு தேய்த்த இடமும் பயின்ற கண்ணுக்கே வேறுபடும்.

நகலுக்கும் தனி வரலாறு உண்டு. 1970களில் சப்பானிய நிறுவனங்கள் அமெரிக்கக் கித்தார்களை அப்படியே ஒத்த கருவிகளைச் செய்தன. 1977இல் கிப்சனின் தாய்நிறுவனம், இபனெஸ் கித்தார்களை அமெரிக்காவில் விற்றவர்மீது தலைப்பகுதியின் வடிவம் குறித்து வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டு சமரசமாயிற்று. அந்தச் சப்பானியக் கருவிகளைத் தேடி வாங்குவோர் இன்று உளர். தன் சொந்தப் பெயரோடு நிற்கும்போது நகலும் மதிப்புப் பெறுகிறது.

மெய்ம்மை வேறு, மதிப்பு வேறு

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ளவேண்டும். கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019 சூன் மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்கு விலைபோயிற்று. அக்கருவியின் கழுத்து பலமுறை மாற்றப்பட்டது, பிக்கப்புகளும் மாற்றப்பட்டன. உறுப்புகளின் மூலத்தன்மையை மட்டும் பார்த்தால் அது குறையுள்ள கருவி. முன்சொன்ன 0001 எண்ணுள்ள கருவியோ அதே ஏலத்தில் 18,15,000 டாலரே பெற்றது. கறுப்புக் கருவியின் மதிப்பு, அதை எவர் எங்கே வாசித்தார் என்பதற்குரிய படங்களும் பதிவுகளும் தொடர்ச்சியாக இருந்ததில் அடங்கியிருந்தது. அந்த ஏலத்தில் திரண்ட 2 கோடியே 15 லட்சம் டாலர் அளவிலான தொகையைக் கில்மோர் சுற்றுச்சூழல் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்.

பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் ஏறத்தாழ 30 பவுனுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ் கித்தார், 1972இல் இலண்டனில் ஒரு வண்டியிலிருந்து திருடுபோயிற்று. அரை நூற்றாண்டுக்குப்பின் இங்கிலாந்தில் ஒரு வீட்டின் மேல்மாடப் பரணில் அது கிடைத்து, ஹாஃப்னர் நிறுவனத்தாரால் ஆராய்ந்து உறுதிசெய்யப்பட்டு, உரியவரிடம் சேர்ந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று. பரணிலும் மெய்ப்பொருள் கிடைக்கும் என்பதற்கு அது சான்று. ஆயினும் எல்லாப் பரணிலும் அது இராது.

நம் பாகூர்ச் செப்பேடுகளையும் இங்கே நினைவுகூரலாம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் தன் எட்டாம் ஆட்சியாண்டில் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையளித்த செய்தி அவற்றில் உள்ளது. செம்பை உருக்கி எடைக்கு விற்றிருந்தால் அற்பத் தொகையே கிடைத்திருக்கும். எழுத்தின் வடிவம், வடமொழியும் தமிழுமாகிய நடை, முத்திரை ஆகியவற்றைக் கொண்டே அறிஞர் அவற்றின் காலத்தை நிதானித்தனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் ஓர் உயர்கல்விச்சாலை இருந்தது என்பதை அவற்றால் அறிகிறோம்.

நம்மிடையே ஒரு நிகழ்ச்சி

நம் சபைக் குடும்பம் ஒன்று, பெரியப்பா பாரிசிலிருந்து கொண்டுவந்த கித்தார் ஒன்றை விற்க எண்ணியது. தலைப்பகுதியில் புகழ்பெற்ற அமெரிக்கப் பெயர். மகளின் செவிலியர் படிப்புக்குக் கட்டணம் கட்டவேண்டிய நேரம். தொலைபேசியில் ஒருவர் பெருந்தொகை சொல்லியிருந்தார். புதுச்சேரியில் பழுதுபார்க்கும் ஒருவரைக் கொண்டு அதைத் திறந்து பார்த்தோம். உடல் ஒட்டுப்பலகை, கண்ட்ரோல்கள் சிறியவை, அமெரிக்க எண் இல்லாதவை, பெயரின் கீழே சுரண்டப்பட்ட வேறொரு பெயரின் தடம். 1970களின் சப்பானிய நகல் என்பது அவர் முடிவு.

மகன் கேட்டான்: "ஐயா, அந்தப் பேரை நாம ஒட்டலையே. வந்தது வந்தபடியே வித்தா என்ன தப்பு?" நான் வாய் திறக்குமுன் அவன் தாயார் சொன்னார்கள்: "தெரியாதப்ப சொல்லியிருந்தா அது அறியாமை, தம்பி. இப்ப நமக்குத் தெரிஞ்சுபோச்சே." வாங்க வந்தவரிடம் உள்ளதைச் சொன்னார்கள். சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அவ்வாண்டுக் கட்டணத்தைச் சீட்டுப் பணம் எடுத்தே கட்டினார்கள். அந்த வீட்டாருக்கு அது எளிய காரியமன்று.

செய்யத்தக்கவை

பழங்கருவி உங்கள் வீட்டில் இருந்தால், மெருகு போடாதீர்கள். மென்துணியால் தூசி மட்டும் தட்டுங்கள். ஈயப்பற்று வைத்த இணைப்புகளைக் கலைக்காதீர்கள். தொடப்படாத பற்று பெரும் சான்று. மாற்றிய முறுக்காணி, பழைய திருகாணி, கிழிந்த பெட்டி, கடைச்சீட்டு, கருவியோடு எடுத்த குடும்பப் படம் ஆகிய எதையும் எறியாதீர்கள். கழற்றத் தெரிந்தவரைக் கொண்டே கழற்றி, ஒவ்வோர் எண்ணையும் படமெடுத்து வையுங்கள். வாங்க விரும்புகிறவரையே மதிப்பிடச் சொல்லாமல், ஒருவரோடொருவர் தொடர்பில்லாத இருவரிடம் கேளுங்கள். விற்கும்போது அறிந்ததையும் மாற்றியதையும் எழுதிக் கொடுங்கள்.

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்னும் பொருள்பட நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் தொடங்குகிறது. தராசைப் பிடிக்கிற கை வாங்குகிறவனுடையதாகவும் இருக்கலாம், விற்கிறவனுடையதாகவும் இருக்கலாம். ஏழைவீட்டுப் பரணில் உள்ளது மெய்ப்பொருள் என்று அறிந்தும் சொல்லாமல் அற்பவிலைக்கு வாங்குகிறவரும் அத்தராசையே பிடிக்கிறார். பொருளைத் திறந்து பார்க்கும் பொறுமையும், கண்டதைக் கண்டபடி சொல்லும் நேர்மையும் நம் வீடுகளில் நிலைப்பதாக.

ஆமென்.